51 டிகிரி, மைனஸ் 60: சாதனை வெப்பநிலைகளை எழுதியது யார்?

2024 மே 29, மதியம் இரண்டரை மணி. டெல்லியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் முங்கேஷ்பூரின் தானியங்கி வானிலை நிலையம் ஒரு எண்ணை அனுப்பியது: 52.9 டிகிரி செல்சியஸ். இந்தியாவில் அதுவரை பதிவான எதையும் விட அதிகம். சில மணி நேரத்துக்குள் உலகம் முழுக்கச் செய்தி போய்விட்டது. அன்று அதே நகரத்தில் சஃப்தர்ஜங் நிலையத்தின் உச்சம் 46.8. ஒரே ஊருக்குள் ஆறு டிகிரி வித்தியாசமா?

வானிலைத் துறைக்கும் அதே சந்தேகம்தான். ஆட்களை அனுப்பி, சரியான கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முங்கேஷ்பூர் சென்சார் சுமார் மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. அந்த வாரமே நாக்பூரில் ஒரு நிலையம் 56 டிகிரி காட்டியது. அதுவும் சென்சார் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு அந்தச் செய்தி முடிந்தது. ஆனா எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. 2024-ல் ஒரு எண் தப்பு என்பதை அடுத்த வாரத்துக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. 1956-ல் எழுதிய எண்ணை, 1905-ல் எழுதிய எண்ணை நாம் எதை வைத்து நம்புகிறோம்? "இந்தியாவின் அதிகபட்சம், குறைந்தபட்சம்" என்று பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அந்த எண்கள் எப்படிப் பிறந்தவை? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில், எதை அளக்கிறோம்?

வெயிலை அல்ல. இது முக்கியம். வானிலைத் துறை சொல்லும் வெப்பநிலை காற்றின் வெப்பநிலை, அதுவும் நிழலில் அளந்தது. வெப்பமானியை நேரடி வெயிலில் வைத்தால் அது தன் கண்ணாடி எவ்வளவு சுட்டது என்பதைத்தான் சொல்லும், காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெயிலில் நிறுத்திய பைக்கின் சீட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதனால் வெப்பமானிக்கு ஒரு வீடு வேண்டும். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860-களில் ஒரு மரப்பெட்டியை வடிவமைத்தார். (ட்ரெஷர் ஐலண்ட் எழுதிய ஆர். எல். ஸ்டீவன்சனின் அப்பா இவர்.) வெள்ளை பெயிண்ட், நாலு பக்கமும் ஜன்னல் பலகை மாதிரி சாய்ந்த சட்டங்கள், காற்று உள்ளே போய் வரும், வெயில் மட்டும் படாது. தரையிலிருந்து நாலடி உயரம் இருக்கும், கீழே புல் இருப்பது நல்லது. இன்றைக்கும் வானிலை மையங்களுக்குப் போனால் இந்தப் பெட்டியைப் பார்க்கலாம்.

உள்ளே இருக்கும் வெப்பமானிகளும் சாதாரணமானவை இல்லை. அதிகபட்சத்துக்கு பாதரசக் குழாய். அதன் கழுத்தில் ஒரு சின்ன இடுக்கு இருக்கும், பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருப்பது போல. ஏறிய பாதரசம் தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். குறைந்தபட்சத்துக்கு ஆல்கஹால் குழாய், அதற்குள் ஒரு சின்ன ஊசி. ஆல்கஹால் சுருங்கும்போது ஊசியைக் கீழே இழுத்துப் போகும், விரியும்போது ஊசியை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். காலையில் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து, இரண்டையும் படித்து, நோட்டில் எழுதி, மறுபடி சரிசெய்து வைப்பார். பல தலைமுறைகளுக்கு உலகின் வெப்பநிலை வரலாறு அந்த நோட்டுகளில்தான் இருந்தது.

ஆனால் இந்தியாவுக்கு ஸ்டீவன்சன் பெட்டி உடனே வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கே பல நிலையங்களில் வெப்பமானிகளை ஓலை வேய்ந்த கொட்டகைக்குள்தான் தொங்கவிட்டிருந்தார்கள். நம்ம வெயிலுக்கு ஓலை நல்ல யோசனைதான். ஆனா ஓலைக் கொட்டகையில் எடுத்த எண்ணும் மரப்பெட்டியில் எடுத்த எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பழைய பதிவுகளோடு புதியவற்றை ஒப்பிடும் ஆராய்ச்சியாளர்கள் இந்த வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

90 வருடம் கழித்து வந்த தீர்ப்பு

ஒரு எண்ணை விசாரிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு உலகின் பெரிய உதாரணம் லிபியாவில் இருக்கிறது. 1922 செப்டம்பர் 13 அன்று அல் அஜீஜியா என்ற இடத்தில் 58 டிகிரி. உலகிலேயே மிக அதிகம் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடப் புத்தகங்களில் இருந்த எண் இது. அப்போது லிபியா இத்தாலியின் காலனி, அந்த நிலையம் ஒரு இத்தாலிய ராணுவ முகாமில் இருந்தது.

உலக வானிலை அமைப்பு இதை மறுபடி எடுத்துப் பார்த்தது. லிபிய வானிலைத் துறையின் காலித் எல் ஃபாத்லி பழைய கையெழுத்துப் பதிவேட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். நடுவே 2011 புரட்சி வந்து, பல மாதங்கள் அவரோடு தொடர்பே அறுந்துபோனது. பிறகு அவர் திரும்பி வந்தார், விசாரணை தொடர்ந்தது. பதிவேட்டைப் பார்த்தால் செப்டம்பர் 11-லிருந்து கையெழுத்து மாறியிருந்தது. புதிதாக வந்த ஒருவர் எண்களைத் தவறான கட்டங்களில் எழுதியிருந்தார். கருவியோ அப்போதே பழசாகிப்போன ஒரு வகை. அதில் ஊசியின் எந்த முனையைப் படிப்பது என்று தெரியாதவர் தவறான முனையைப் படித்தால் ஏழு டிகிரி வரை கூடிவிடும். சுற்றியிருந்த மற்ற நிலையங்களில் அன்று அப்படி ஒரு வெயிலே இல்லை. 2012 செப்டம்பர் 13 அன்று, சரியாக 90 வருடம் கழித்து, அந்த எண் ரத்து என்று அறிவித்தார்கள். உலக சாதனை அமெரிக்காவின் டெத் வேலிக்குப் போனது: 1913 ஜூலை 10, 56.7 டிகிரி. அதையும் சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

விசாரணையில் கேட்ட கேள்விகள் எல்லாம் எளிமையானவை. கருவி எது? படித்தது யார்? கீழே தரை எப்படி இருந்தது? பக்கத்து ஊர் என்ன சொல்கிறது? இதே கேள்விகளோடு இந்தியாவுக்கு வருவோம்.

நுங்கம்பாக்கத்திலிருந்து தொடங்கும் கதை

வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். பிறகு கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் திட்டப்படி கட்டடம் எழுந்தது. நட்சத்திரம் பார்ப்பதுதான் முதல் வேலை. கப்பல்களுக்கும் நில அளவைக்கும் அது தேவைப்பட்டது. ஆனால் 1796-லிருந்து அங்கேயே வானிலையையும் குறிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

நாடு முழுக்க ஒரே மாதிரி அளக்கும் ஏற்பாடு வர இன்னும் எண்பது வருடம் ஆனது. 1864-ல் கல்கத்தாவைப் புயல் அடித்து நொறுக்கியது. 1866-லும் 1871-லும் மழை பொய்த்தது. இத்தனைக்கும் பிறகுதான், 1875-ல், இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவர். சிதறிக் கிடந்த நிலையங்களை ஒரே முறைக்குக் கொண்டுவருவது அவர் முன்னால் இருந்த பெரிய வேலை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சாதனை எண் எங்கே பிறக்கும்? வெப்பமானி இருக்கும் இடத்தில்தான். வெப்பமானி எங்கே வைப்பார்கள்? ஆட்சிக்குத் தேவையான இடத்தில். துறைமுகம், கன்டோன்மென்ட், மாவட்டத் தலைநகர், ரயில் நிலையம், மலை வாசஸ்தலம். தார் பாலைவனத்தின் நடுவில் எத்தனையோ கிராமங்கள் எத்தனை முறை 51 டிகிரியைத் தாண்டியிருக்கும்! அங்கே பெட்டியும் இல்லை, நோட்டும் இல்லை.

எல்லையும் ஒரு எழுத்தாளர்தான். 1947 வரை "இந்தியாவின் கொடும் வெயில்" என்றால் ஜேக்கபாபாத் என்று சொல்வார்கள். சிந்து மாகாணத்து ஊர். பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போனது. வெயில் அங்கேயே இருந்தது, "இந்தியாவின் வெப்பமான ஊர்" என்ற பெயர் மட்டும் இடம் மாறியது. இன்றைக்கு ஆசியாவின் பெரிய எண்கள் குவைத்தின் மித்ரிபாவிலும் (2016, 53.9) பாகிஸ்தானின் துர்பத்திலும் (2017, 53.7) இருக்கின்றன. இரண்டையும் உலக வானிலை அமைப்பு விசாரித்து, கருவியின் பிழை அளவையும் சேர்த்துச் சொல்லி ஏற்றுக்கொண்டது.

அல்வரிலிருந்து ஃபலோதி வரை

இந்தியாவுக்குள் உச்சம் எப்போதும் ராஜஸ்தானைச் சுற்றியேதான். 1956 மே 10 அன்று அல்வரில் 50.6. அது அறுபது வருடம் நின்றது. 2016 மே 19 அன்று ஃபலோதியில் 51.0. இன்றுவரை துறை ஒப்புக்கொள்ளும் இந்திய உச்சம் இதுதான். 2019 ஜூன் 1 அன்று சூருவில் 50.8, ஒரு நூலிழையில் இரண்டாம் இடம்.

ஃபலோதி உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே பட்லா சூரிய மின் பூங்கா இருக்கிறது. வெயில் அங்கே எவ்வளவு தாராளம் என்று அதிலேயே தெரியும். ஏன் அங்கே மட்டும் இப்படி? ஈர மண்ணில் விழும் வெயிலில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். காய்ந்த மணலில் ஆவியாக ஒன்றும் இல்லை, விழுந்த சூடு முழுக்க மணலுக்கும் காற்றுக்கும்தான். மே மாதம் மேகமும் கிடையாது, பருவமழை வர இன்னும் வாரங்கள் இருக்கும். போதாக்குறைக்கு மேற்கிலிருந்து 'லூ' என்கிற அனல்காற்று.

இதே மணல்தான் குளிருக்கும் காரணம். சூட்டைச் சேர்த்து வைக்கத் தெரியாத தரை அது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் மேகப் போர்வை இல்லாமல் வந்த சூடெல்லாம் வானத்துக்கே போய்விடும். 50-ஐத் தாண்டிய அதே சூருவில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது வழக்கம். ஒரே ஊரில் ஐம்பது டிகிரிக்கும் மேல் ஏற்ற இறக்கம்! நம்ம சென்னையோடு ஒப்பிடுங்கள். நுங்கம்பாக்கத்தின் உச்சம் 2003 மே 31 அன்று 45.0. குறைந்தபட்சம் 13.9, அது 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது. இருநூறு வருடப் பதிவில் மொத்த இடைவெளியே 31 டிகிரிதான். கடல் பக்கத்தில் இருப்பதன் பலன்.

டிராஸ்: கேள்வி கேட்கப்படாத எண்

இனி குளிர். லடாக்கில் ஜோஜி லா கணவாயைத் தாண்டினால் டிராஸ், மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு. கார்கில் போரால் பெயர் தெரிந்த ஊர். அங்கே ஒரு பலகை உண்டு: மனிதர் வசிக்கும் இடங்களில் உலகிலேயே இரண்டாவது குளிரான இடம் என்று. 1995 ஜனவரியில் மைனஸ் 60 பதிவானது என்று பயணக் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே இருக்கின்றன.

அல் அஜீஜியாவுக்குக் கேட்ட கேள்விகளை இங்கேயும் கேட்போம். கருவி எது, படித்தது யார், பக்கத்து ஊர் என்ன சொன்னது? அந்தக் கட்டுரைகளில் பதில் இருக்காது. நம்ம பள்ளிப் பாடநூல் இன்னும் நிதானமானது. டிராஸில் குளிர்கால இரவு மைனஸ் 45 வரை போகலாம், அதே இரவில் திருவனந்தபுரத்தில் 20, 22 இருக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. "இரண்டாவது குளிரான ஊர்" என்பதும் நிற்காது. சைபீரியாவில் வெர்கொயான்ஸ்க், ஒய்மியாகோன் இரண்டுமே மைனஸ் 67-ஐத் தாண்டியவை. முதல் இரண்டு இடமும் அங்கேயே காலி.

இதில் ஒரு சின்ன வேதியியலும் இருக்கிறது. பாதரசம் மைனஸ் 39-ஐ ஒட்டி உறைந்து கல்லாகிவிடும். அதற்குக் கீழே பாதரச வெப்பமானி எதையும் சொல்லாது, ஆல்கஹால் குழாய் வேண்டும். ஆக, டிராஸ் மாதிரி ஒரு இடத்தில் "எந்தக் கருவி" என்று கேட்பது வீண் நச்சரிப்பு இல்லை. டிராஸ் கடுங்குளிர் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மலைச்சரிவில் கனத்த குளிர்காற்று இரவு முழுக்க வழிந்து வந்து பள்ளத்தாக்கில் குளம் போலத் தேங்கும், நிஜமாகவே உறையவைக்கும் இடம். ஆனா குளிர் நிஜம் என்பதால் எண்ணும் நிஜமாகிவிடாது. முங்கேஷ்பூர் எண்ணை விசாரித்த மாதிரி இதையும் யாராவது விசாரித்தால் நல்லது.

இவ்வளவு கறாராக இருந்து என்ன பயன்?

50-ஓ 53-ஓ, வெயில் வெயில்தானே என்று கேட்கலாம். அதற்குப் பதில் அகமதாபாத்தில் இருக்கிறது.

2010 மே 21 அன்று அங்கே 46.8 டிகிரி. நாட்டின் சாதனைக்குப் பக்கத்தில்கூட வராத எண். ஆனால் அந்த மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு கணக்கிட்டது. அன்றன்றைக்கு அது யாருக்கும் தெரியவில்லை. வெப்பத்தால் இறப்பவர் இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோதான் இருப்பார். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை முந்தைய வருடங்களோடும் தினசரி வெப்பநிலையோடும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் உருவம் தெரிந்தது. அந்த ஒப்பீடு நடக்க, வெப்பமானிக் கணக்கு நம்பும்படி இருக்கணும்.

அதன் பலனாக 2013-ல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அகமதாபாத்தில் வந்தது. முன்கணிப்பு ஒரு அளவைத் தாண்டினால் எச்சரிக்கை, மருத்துவமனைகளில் தயார்நிலை, தண்ணீர்ப் பந்தல். 2016 மே 20 அன்று அதே நகரம் 48.0 தொட்டது, தன் பழைய சாதனையையே உடைத்தது. 2010 போன்ற பேரழிவு திரும்பவில்லை. இரண்டு வருடங்களுக்கும் நடுவே வெப்பம் குறையவில்லை, அந்த எண்ணைக் கேட்டுச் செயல்படும் ஒரு ஏற்பாடு வந்திருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது இப்போது நேரடி விஷயம். 2024 அக்டோபரில் மாநில அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வெப்ப அலை என்று சொல்லவும் வானிலைத் துறைக்கு வரையறை உண்டு: சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30, அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதல். 45 தொட்டால் வேறு கணக்கே வேண்டாம். அதாவது அரை டிகிரி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு நாளின் பெயரே மாறும். இரண்டு டிகிரி கூட்டிக் காட்டும் சென்சார் வீண் பீதியைக் கிளப்பும், அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு டிகிரி குறைத்துக் காட்டினால் நடந்த வெப்ப அலையே நடக்காததாகிவிடும்.

இன்னொன்றும் மனதில் வைக்கணும். இந்த எண் எல்லாமே நிழலில், காற்றோட்டத்தில், நாலடி உயரத்தில் எடுத்தவை. தார் போடுபவரும் செங்கல் சூளையில் நிற்பவரும் அந்தப் பெட்டிக்குள் இல்லை. முங்கேஷ்பூர் செய்தி வந்த அதே நாட்களில் டெல்லி துணைநிலை ஆளுநர், கட்டடத் தொழிலாளர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை சம்பளத்தோடு ஓய்வு தரச் சொல்லி உத்தரவிட்டார். வெப்பமானிக்கு நிழல் கட்டாயம் என்பது நூற்றைம்பது வருடப் பழைய விதி. மனிதர்களுக்கு அது இப்போதுதான் உத்தரவாக வருகிறது.

அடுத்த கத்திரியில் "வேலூரில் வெயில் சதம் அடித்தது" என்று பேப்பரில் படிக்கும்போது (அது ஃபாரன்ஹீட் கணக்கு, 100 என்றால் 37.8 செல்சியஸ்) ஒரு வேலை செய்து பாருங்கள். அந்த எண் வந்த நிலையம் எங்கே இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், நடுவில் மரம் எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு. உங்கள் தெருவின் வெப்பம் எந்த நோட்டிலும் இல்லை என்பது அப்போது தெரியும். பள்ளிகளில், பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒழுங்காகப் பராமரிக்கும் ஒரு பெட்டி வைப்பது பெரிய செலவும் இல்லை. தினமும் ஒருவர் போய் உண்மையாகப் படித்து எழுதணும், அவ்வளவுதான்.